கொக்கின் காலில் ஓர் அடி ஈயம்

பாய்ப்படகு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்து, எது நல்ல படகு என்று கேட்டால், கல்கத்தாவில் பதில் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்கும்தான். செய்துவிட்டுத்தானே பெருமைப்படுகிறேன், யாருக்கென்ன.

தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி ஹவுராவில் இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் பெருக்கினேன். இன்று அதே கரையில், தாவரவியல் பூங்காவைத் தாண்டி, ஆற்றை ஒட்டி எனக்குச் சொந்தமாகப் படகுப் பட்டறை. படித்த இன்ஜினியர்கள் வந்தால் நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நான் எதையும் எழுதிக்கொண்டது கிடையாது. எழுத்துச் சரியாக வராத காலத்தில், நான் வார்க்கிற ஒவ்வொரு உருப்படியிலும், பித்தளையோ ஈயமோ, உளியால் இரண்டு கோடு போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அதுதான் என் கையெழுத்து. இப்போது செக்கில் முழுப் பெயர் போடத் தெரியும், இதோ இதையெல்லாம் நானே எழுதவும் தெரியும். ஆனாலும் உருப்படியில் இன்றைக்கும் இரண்டு கோடு, ஒரு புள்ளிதான்.

அந்த இரண்டு படகும் ரிப்பேருக்கு வந்து, சொந்தக்காரர்களுக்கு அலுத்துப்போய், என்னிடமே விலைக்கு வந்தவை. ஒன்று உலகம் சுற்றக் கிளம்பிய வெள்ளைக்காரக் கணவன் மனைவியுடையது. இந்த ஆற்றுக்குள் நுழைந்த இரண்டாவது வாரம் அந்த அம்மாவுக்கு உலகம் போதும் என்று ஆகிவிட்டது. இன்னொன்று மும்பையில் பந்தயம் ஓடியது. நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, நாற்பது அடிக்கு முன்னே பின்னே. மற்றபடி ஒன்று எருமை, ஒன்று கொக்கு. பெயர் வைத்ததும் நான்தான்.

எருமைக்கு உடம்பு தடிமன். அடிவயிறு முழுக்க முன்னும் பின்னுமாக நீளமாக ஓடும் கீல். கீல் என்றால் படகுக்கு அடியில் இருக்கும் கனம். காற்றில் படகு கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். எருமைக்கு அது ஐந்தடிதான் கீழே இறங்கும். தண்ணீர் வற்றி மண்ணில் உட்கார்ந்தாலும் கொஞ்சம் சரிந்து, எருமை மாதிரியே சொகுசாக உட்காரும். உள்ளே தேக்கில் இரண்டு படுக்கையறை, சோபா, குளியலறை, ஒரு குடும்பம் ஒரு மாதம் குளித்துக் குடிக்கத் தண்ணீர்த் தொட்டி. அடுப்பு இரண்டு பக்கமும் ஆணியில் தொங்கும். படகு எப்படிச் சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும், டீ சிந்தாது. போக மட்டும் சோம்பல். இளங்காற்றில் அசையாது. திரும்பச் சொன்னால் யோசிக்கும்.

கொக்கு மெலிசு. பாய்மரம் எருமையுடையதைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். ஓர் ஊது ஊதினால் ஓடும். காற்றுக்கு எதிரே இவ்வளவு நெருக்கமாக ஏறும் படகை நான் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. கனம் குறைப்பதற்காக அடுப்பைக் கழற்றிவிட்டார்கள், கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். படுக்கை என்பது குழாயில் கட்டிய துணி. கழிப்பறைக்கு ஒரு திரை. கீல் மட்டும் ஒல்லியாக, கத்திபோல, ஆழமாக இறங்கும், கொக்கின் கால் மாதிரி.

அந்தக் காலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகின் காகிதங்களில் கீல் ஆறரை அடி என்று இருக்கும். மும்பைக்காரர் என்னிடம் கொண்டுவந்தபோது, "பாய் விரித்தால் ரொம்பச் சாய்கிறது, இன்னும் ஓர் அடி ஈயம் இறக்கிக் கொடுங்கள்" என்றார். என் பட்டறையிலேயே மணலில் அச்சு வைத்து, நானே நின்று ஊற்றி, பழைய கீலுக்கு அடியில் போல்ட் போட்டு இணைத்தேன். இரண்டு கோடு, ஒரு புள்ளி. ஆக அது ஏழரை அடி. காகிதத்தை யாரும் திருத்தவில்லை. அது தெரிந்தது மூன்று பேருக்கு. அவர், நான், என்னிடம் இருபத்தைந்து வருஷமாகப் படகு ஓட்டும் கிழட்டு மாஜி. படகோட்டியை இங்கே மாஜி என்பார்கள்.

இனி என் மகள். ஒரே பிள்ளை. கல்கத்தாவுக்குள் எங்கள் வீடு இருக்கும் டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்து, பட்டறையில் கிரீஸில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். தமிழில் ஆரம்பித்து வங்காளியில் முடிப்பாள். மாஜி அவளுக்குக் 'காக்கா', அதாவது சித்தப்பா; அவனுக்கு அவள் 'திதி', அக்கா. பெங்களூருக்குப் படிக்கப் போனாள், அங்கேயே வேலை, கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல பையன்தான். வாய்க்கு வாய் 'ங்க' போடுவான். பாய்ப்படகு ஓட்டுவது கிளாஸுக்குப் போய்ப் படித்துக்கொண்டதாம், சான்றிதழ்கூட இருந்தது. கல்யாணம் செய்து வைத்தேன். அவர்களுக்காக வீட்டில் மேல் மாடி கட்டினேன். இத்தாலி மார்பிள், இரண்டு ஏசி, பால்கனியில் நின்றால் மெட்ரோ போவது தெரியும். கட்டி முடிந்து ஒரு வருஷம் பூட்டியே கிடந்தது.

போன வருஷம் பங்குனியில் இரண்டு பேரும் வந்தார்கள். சாப்பிடும்போது மாப்பிள்ளை ஆரம்பித்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கோணும்ங்க. எங்க ரெண்டு பேருக்குமே வேலை லேப்டாப்புலதானுங்க. ஒரு படகுலயே குடியிருந்துக்கலாம்னு பாக்கறோம். கொக்கைக் குடுத்தீங்கன்னா, கொஞ்சம் சரி பண்ணிட்டு, அந்தமான் வரைக்கும் போயிட்டு, அப்புறம் அப்படியே..."

"அப்புறம் அப்படியே?"

"திரும்பறதப் பத்தி இன்னும் யோசிக்கலீங்க."

"எம் மவளக் கூட்டிட்டுப் போறவரு திரும்பி வாரத மட்டும் யோசிக்கல," என்றேன் என் மனைவியைப் பார்த்து. "கேட்டியா?"

"சோறு ஆறுது," என்றாள் மனைவி.

மகள் சொன்னாள்: "அப்பா, நானும்தான் யோசிக்கல. இவரை மட்டும் சொல்லாதீங்க."

"குடியிருக்கணும்னா எருமையக் கேக்கணும். கொக்குல எங்க குடியிருப்பிய? திரைக்குப் பின்னாலயா?"

"எருமைல தூங்கலாம்பா. கொக்குலதான் போகலாம்."

"போறதுன்னா எங்க? அரை மணி நேரம் வேகமாப் போயி மண்ணுல குத்தி நிக்கிறதுக்கா? ஒரு படகு ஓடணும், ஜெயிக்கணும், உள்ள சோறு பொங்கித் திங்கவும் வழி இருக்கணும். மூணும் சேந்து இருக்கது எருமைதான். இன்னிக்கு சாமான் ஏத்துனா இன்னிக்கே அந்தமான் போலாம் அதுல."

"ஜெயிக்கணுமாங்க?" மாப்பிள்ளை சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. "எருமை கொக்கை ஜெயிக்கிறதுங்களா மாமா? எந்த ஊர்லீங்க?"

"இந்த ஊர்லதான். வாரீரா?"

அங்கேயே பேச்சு முடிந்தது. என் பட்டறையிலிருந்து ஆற்றோடு தெற்கே ஃபல்தா படித்துறை வரை, ஆறு வற்றும் ஒரே இறக்கத்தில். கடல் தண்ணீர் இந்த ஆற்றில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். கொக்கு முதலில் போனால் கொக்கு அவர்களுக்கு, எங்கே வேண்டுமானாலும் போகலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன். எருமை முதலில் போனால் படகுப் பேச்சே கிடையாது. மாப்பிள்ளை பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு என் மேல் மாடிக்குக் குடிவர வேண்டும்.

"வீட்டோட மாப்பிள்ளையாவா?" மகள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"பேர் என்னவோ வச்சுக்க."

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கொக்கு தோற்க வழியே இல்லை என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். கொக்கின் காகிதத்தைக் கேட்டான். அலமாரியிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். "கீல் ஆறரை அடிங்களா மாமா?" என்று கேட்டான்.

"எழுதியிருக்குல்லா," என்றேன்.

இது பொய்யா என்று யாராவது கேட்டால், நான் பொய் சொல்லவில்லை. எழுதித்தான் இருந்தது.

மறுநாள் பட்டறையில் மாஜி என்னை ஓரமாகக் கூப்பிட்டு வங்காளியில் கேட்டான்: "கர்த்தா, ஈய விஷயம் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா?"

"உனக்குத் துடுப்புக்குத்தான் சம்பளம். நாக்குக்கு இல்லை," என்றேன்.

ஒரு வாரம் எருமைக்கு நானே சாமான் ஏற்றினேன். வெற்றி என்றால் முழு வெற்றியாக இருக்க வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், காபிப்பொடி, தொட்டி நிறையத் தண்ணீர், தொட்டி நிறைய டீசல். ஃபல்தாவில் நங்கூரம் போட்டு, மாப்பிள்ளை வந்து சேரும்போது சுடச்சுடச் சாப்பாடு போட்டு, குடியிருக்கிற படகு எது என்று காட்டுவதாக எண்ணம். பட்டறை ஆட்கள் கொக்கைக் காட்டி "கோர்ஜமாய், கோர்ஜமாய்" என்று சிரித்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வங்காளியில் அதுதான் பேர். மாப்பிள்ளைக்கு அர்த்தம் தெரியவில்லை, அவனும் கூடச் சிரித்தான். நான் சொல்லிக் கொடுத்தேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆறு நிறைந்து நின்றது. மனைவி இரண்டு படகுக்கும் தனித்தனித் தூக்கில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தாள். தெற்கிலிருந்து நல்ல காற்று, நேரே முகத்தில். நாங்கள் போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வந்தால் பாய்ப்படகு நேராகப் போக முடியாது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். கொக்கு அதற்கென்றே பிறந்தது. அவர்கள் இரண்டு பேர் கொக்கில், நானும் மாஜியும் எருமையில். தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் புறப்பட்டோம்.

நான் ஒருமுறை திரும்புவதற்குள் கொக்கு மூன்று முறை திரும்பியது. அவள் சுக்கானில், அவன் கயிற்றில். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் எழுந்து, குனிந்து, எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். படகு காகிதம் மாதிரித் திரும்பும். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அந்த அழகு பிடிக்கவில்லை. பட்ஜ்பட்ஜ் வருவதற்குள் எங்களுக்கு அரை மைல் முன்னால் போய்விட்டார்கள். போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, எருமைக்குப் புல்லு போட்டீங்களா? நடக்கவே மாட்டேங்குதே."

"போ, போ," என்றேன்.

பட்ஜ்பட்ஜைத் தாண்டி ஆறு வளையும் இடத்தில், வளைவின் உள்பக்கம் தண்ணீருக்கடியில் ஒரு மணல்மேடு உண்டு. பெரிய கப்பல்கள் வெளிப்பக்கமாகச் சுற்றித்தான் போகும். உள்பக்கமாக மேட்டைத் தொட்டாற்போல் வெட்டிப் போனால் நிறையத் தூரம் மிச்சம். பந்தயம் ஓடுகிறவன் அந்த மிச்சத்தை விட மாட்டான். ஆறரை அடிக் கீல் என்றால் அந்த நேரத்தில் அங்கே போகவும் போகலாம். ஆழம் காட்டும் மீட்டர் ஒன்பது, எட்டரை, எட்டு என்று இறங்கியிருக்கும். அவன் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பான். எட்டிலிருந்து ஆறரை போனால் ஒன்றரை அடி மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டிருப்பான்.

"கர்த்தா," என்றான் மாஜி. "உள்ளே போகிறார்கள். ஒரு போன் போடுங்கள்."

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"திதியும் அதில் இருக்கிறாள், கர்த்தா."

"வாயை மூடு."

கொக்கின் பாய்மர உச்சி ஒரு தடவை முன்னால் குனிந்து நிமிர்ந்தது. பஸ்ஸில் பிரேக் போட்டால் நிற்கிறவன் ஆடுவானே, அப்படி. அவ்வளவுதான். ஆறு வற்றிக்கொண்டிருக்கும்போது குத்தி நின்ற படகை எடுக்க முடியாது. பாயை இறக்கினான், இன்ஜினைப் போட்டான், பின்னால் இழுத்துப் பார்த்தான், இரண்டு பேரும் ஒரு விளிம்பில் தொங்கிச் சாய்த்துப் பார்த்தார்கள். தண்ணீர் நிமிஷத்துக்கு நிமிஷம் கீழே போய்க்கொண்டிருந்தது. கொக்கு மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே ஃபல்தாவுக்குப் போயிருக்க வேண்டும். போய்ப் படித்துறையைத் தொட்டிருந்தால் எல்லாம் என் பேச்சுப்படி முடிந்திருக்கும். ஆனால் ஜெயித்ததைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆழமான பக்கம், அவர்களிடமிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, நங்கூரம் போட்டேன். மாஜியை டீ போடச் சொன்னேன். டெக்கில் குடை விரித்து உட்கார்ந்தேன்.

பத்தரை மணிக்குக் கொக்கு சாய்ந்து, டெக் சுவர் மாதிரிச் செங்குத்தாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போன் போட்டேன்.

"என்ன புள்ள, சுவத்துல உக்காந்து இட்லி திங்கியளா?"

"அப்பா, தண்ணி கேன் உள்ள உருண்டு உடைஞ்சுடுச்சு. மாஜி காக்கா கிட்ட ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்க."

"குடியிருக்கிற படகுல தண்ணி இல்லியா?" டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். "மாப்ளகிட்டக் குடு."

அவன் பேசினான். குரல் வறண்டிருந்தது. "சொல்லுங்க மாமா."

"எந்த ஊர்லன்னு கேட்டீரே. இந்த ஊர்லதான். ஊர் பேர் எழுதிக்கிடும்."

"என் தப்புதானுங்க மாமா. ரொம்ப ஒட்டி வந்துட்டேன். கணக்கு எங்கியோ தப்பிருக்கு. அவளுக்கு மட்டும் தண்ணி குடுத்துடுங்க."

"ஏறு தண்ணி வரும். அதுல குடிச்சுக்கலாம்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. சாய்ந்து கிடந்த கொக்கையும், அதில் பல்லி மாதிரி ஒட்டியிருந்த இரண்டு பேரையும் போட்டோ எடுத்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கோயம்புத்தூர்ச் சம்பந்தியும் அதில் இருக்கிறார். கீழே எழுதினேன்: 'கொக்கு தூங்குது. மாப்பிள்ளை காவல்.' தூத்துக்குடியிலிருந்து, சென்னையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து சிரிப்பு பொம்மைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. சம்பந்தி ஒன்றும் போடவில்லை. பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டியது.

பன்னிரண்டரைக்கு ஆறு அடிமட்டத்துக்கு வந்தது. கொக்கைச் சுற்றி ஈர மணல் வெளியே வந்துவிட்டது. மகள் இறங்கி நடப்பது தெரிந்தது. படகைச் சுற்றிப் போனாள். அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் காணவில்லை. பிறகு போன் அடித்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"அப்பா, கீல்ல அடியில ஒட்டு விட்டிருக்கு. ரெண்டு துண்டு மாதிரி இருக்கு. ஈயம் ஊத்தினவன் சரியா ஊத்தல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எவன் சரியா ஊத்தல? நான் ஊத்தின ஈயம் அது! அம்பது வருஷத்துல நான் ஊத்தின ஒண்ணு விட்டதில்ல!"

"அப்படியா," என்றாள். "வந்து பாருங்க அப்பா."

நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் போனேன். ஒட்டு விட்டிருக்கிறது என்று ஒருத்தி சொல்லும்போது போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது? மாஜி சின்னத் தோணியில் என்னைக் கொண்டுபோய் மணலில் விட்டான்.

ஒட்டு விடவில்லை. மயிரிழைகூட விடவில்லை. கொக்கின் கால் முழுசாக வெயிலில் நீட்டிக்கொண்டு கிடந்தது. மேலே பழைய கீல், கீழே என் ஈயம், நடுவில் நேராக ஒரு கோடு. ஈயத்தில் இருந்த சேற்றை அவள் கையால் வழித்துத் துடைத்திருந்தாள். இரண்டு கோடு, ஒரு புள்ளி. ரூபாய் மாதிரி பளபளவென்று தெரிந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றான். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, உதடு வெடித்திருந்தது. கையில் பிளாஸ்டிக் கவரில் அந்தக் காகிதம்.

"எவ்வளவு அப்பா?" என்றாள். "ஒரு அடியா?"

"ஒரு அடிக்கு ரெண்டு நூல் கம்மி."

"காகிதத்துல ஆறரைன்னு இருந்துச்சுங்க மாமா," என்றான் அவன். அன்றைக்கும் அதற்கப்புறமும் அவன் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

மகள் என்னைப் பார்க்கவில்லை, ஈயத்தைப் பார்த்தாள். "எதுக்குப்பா?"

"மேல் மாடி சும்மா கிடக்கு."

"இருங்கன்னு கேட்டிருக்கலாம்ல?"

"எம் மவகிட்ட நான் கேக்கணுமா?"

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு சரி என்பதுபோல. பிறகு, "நாக்கெல்லாம் ஒட்டுது. நாங்க போய் எருமைல தண்ணி குடிச்சிட்டு வர்றோம். நீங்க இங்க பாத்துக்கங்க," என்றாள். மாஜியிடம் "காக்கா, சலோ" என்றாள். உள்ளே போய் ஒரு பை, இரண்டு லேப்டாப் பை எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்க லேப்டாப் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. நான் என் ஈயத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கெட்டியாக இருந்தது.

மாஜி தனியாகத் தோணியைத் துழாவிக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எருமையின் நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறும் சத்தம் தண்ணீருக்கு மேல் வந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் வாங்கிப் போட்ட டீசல்.

போன் போட்டேன். எடுத்தாள்.

"எங்க போற?"

"நீங்கதானே சொன்னீங்க. சாமான் ஏத்தின அன்னிக்கே போகலாம்னு. ஏத்தியிருக்கே."

"பந்தயம் என்னாச்சு?"

"எருமைதான் ஜெயிச்சுது அப்பா. ஜெயிச்ச படகுலதான் போறோம்." வைத்துவிட்டாள்.

மாஜி ஒரு பிளாஸ்கை நீட்டினான். "திதி கொடுத்தாள். டீ. படகு சாய்ந்திருக்கிறது, ஊற்றும்போது ஒரு பக்கமாக வழியும், பார்த்துக் குடிக்கச் சொன்னாள்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாசம் அவனை வேலையை விட்டு அனுப்பினேன்.

ஏறு தண்ணீர் காலைத் தொட்டதும் கொக்கில் ஏறிக்கொண்டோம். அது நிமிர மூன்றரை மணி ஆனது. அதுவரை அந்தச் சுவரில் நானும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போயிற்று. போன மீன்பிடிப் படகெல்லாம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. நடுவில் போன் கிணுகிணுத்தது. குடும்ப குரூப்பில் மகள் ஒரு போட்டோ போட்டிருந்தாள், எருமையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தது. சாய்ந்த கொக்கு, அதன் விளிம்பில் நான், கையில் பிளாஸ்க் மூடி. கீழே ஒன்றும் எழுதவில்லை. தூத்துக்குடி, சென்னை, சிங்கப்பூர் எல்லாம் மறுபடி சிரித்தன, அதே ஆட்கள், அதே பொம்மை. சம்பந்தி மட்டும் இந்தத் தடவை ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

காற்றும் முதுகில், தண்ணீரும் முதுகில். எழுபது வயதில், ஒரு கிழவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் அந்தப் பந்தயப் படகை ஒரு கீறல் இல்லாமல் பட்டறைக்குக் கொண்டுவந்து கட்டினேன். சான்றிதழ் வைத்திருக்கிறவன் யாராவது செய்யட்டும் பார்ப்போம்.

எருமை பாரதீப்பில் நின்றது, விசாகப்பட்டினத்தில் நின்றது, மெல்ல மெல்லச் சென்னை போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் என்னிடம் சொன்னவர்கள் கிடையாது. என் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவாள். கதவுக்கு வெளியே நின்றால் பாதி கேட்கும். அடுப்பு நேராக நிற்கிறதாம், புயல் ஓரத்தில்கூட ரசம் வைத்தாளாம். நான் சொன்னேனே அந்த அடுப்பைப் பற்றி.

சென்னையில் அவர்களை நிறுத்திவிட்டார்கள். படகு என் பெயரில் இருக்கிறது. சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் அந்தமானுக்கு விட முடியாது என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்களாம். படகை அவள் பெயருக்கு மாற்றும் பாரம் தபாலில் வந்தது. கடிதம் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். பக்கத்தில் சின்னதாக, இரண்டு கோடு, ஒரு புள்ளி. அதுவே போதும் என்கிறாளா, கேலி செய்கிறாளா, தெரியவில்லை.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். ஓடவும் வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும், குடியிருக்கவும் வேண்டும், எது வாங்கலாம் ஐயா என்று கேட்கிறார்கள். எருமை மாதிரி ஒன்று வாங்கு என்கிறேன். கொக்கை விற்றுவிட்டேன். விற்பதற்கு முன்னால் அந்த ஓர் அடி ஈயத்தைக் கழற்றி உருக்கிவிட்டு, என் அடையாளம் இருந்த துண்டை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டேன். மேஜையில் அந்தப் பாரம் பறக்காமல் அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. பாரம் வந்து ஆறாவது மாசம். பருவக்காற்று திரும்பிவிட்டால் இந்த வருஷம் அவர்களால் கிளம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

காலையில் மனைவி காபி டம்ளரை மேஜையில் வைக்கும்போது பக்கத்தில் ஒரு பேனாவையும் வைக்கிறாள். காபியைக் குடிக்கிறேன். பேனாவை எடுத்து அலமாரியில் திருப்பி வைக்கிறேன். கையெழுத்து வேண்டுமென்றால் அவள் நேரில் வரட்டும். மேல் மாடியை வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பெருக்கச் சொல்லியிருக்கிறேன்.